மகள் கையில் லக்ராஸ் ஸ்டிக்: வீட்டிலேயே பழகச் சில பயிற்சிகள்

அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் இது எப்படியும் ஒருநாள் நடக்கும். குளிர் முடியப் போகிற நேரத்தில் பள்ளி விட்டு வரும் மகள், "என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் லக்ராஸ்ல சேர்றாங்க, நானும் சேரட்டுமாப்பா?" என்று கேட்பாள். லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, ஏந்தி ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம். நமக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட், இறகுப்பந்து, மிஞ்சிப்போனால் டென்னிகாய்ட். சரி, ஓடியாடி விளையாடட்டுமே என்று தலையாட்டிவிடுவோம். நானும் தலையாட்டினேன். அன்று மாலையே கடைக்குப் போய், தள்ளுபடியில் கிடந்த ஒரு ஸ்டிக்கைப் பெருமையாக வாங்கி வந்தேன். முதல் நாள் பயிற்சியிலேயே கோச் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இது பையன்கள் ஆடும் ஸ்டிக் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தப்பில்தான் எனக்கு இந்த ஆட்டமே புரியத் தொடங்கியது. பையன்கள் ஸ்டிக்கில் வலை ஆழமாகத் தொங்கும். பந்து அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் ஸ்டிக்கின் வலை, அதாவது பாக்கெட், ஆழமே இல்லாதது. பந்தை அதில் வைத்து, ஸ்டிக்கைப் படுக்கைவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பந்தின் உச்சி, வலையைச் சுற்றியுள்ள சட்டத்தின் பக்கச்சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. இப்படி மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும் பந்து, கொஞ்சம் வெடுக்கென்று அசைந்தாலும் வெளியே குதித்துவிடும். பையன்களுக்கு வலை செய்கிற வேலையில் பாதியைப் பெண் பிள்ளைகள் தங்கள் மணிக்கட்டால் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லக்ராஸ் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். அவர்களில் ஹோடினோஷோனி மக்கள் அதைப் படைத்தவனுக்கான ஆட்டமாகவே இன்றும் போற்றுகிறார்கள். பெண்கள் ஆடும் வடிவம் 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், செயின்ட் லெனர்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளியில் தொடங்கியது. அதன் முதல் தலைமையாசிரியையாக இருந்த லூயிசா லம்ஸ்டன் வட அமெரிக்கப் பயணத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். செயின்ட் லெனர்ட்ஸில் படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் அதைத் தொடங்கிவைத்தார். ஆக, இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஸ்டிக்கோடு ஒரு பெண் பிள்ளை வருவதற்கு நூறு வருடக் காரணம் இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்துத் தள்ளக் கூடாது. அதனால் கவச உடையும் கிடையாது, ஆழமான பாக்கெட்டும் கிடையாது.

என்ன வாங்க வேண்டும்

பெண்கள் ஸ்டிக் ஒன்று. நீளம் 35.5 முதல் 43.25 அங்குலம் வரை இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குட்டையாகவும் கிடைக்கிறது. எது சரி என்று கோச்சைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், என்னைப் போல் முந்திக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குக் காகிள்ஸ், பல்லுக்கு மவுத்கார்டு இரண்டும் கட்டாயம், வீட்டுத் தோட்டத்தில் பழகும்போதும்தான். பந்து கெட்டியான ரப்பர், 142 முதல் 149 கிராம் எடை. கிட்டத்தட்டப் பெண்கள் கிரிக்கெட் பந்தின் எடை என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். குறைந்தது நான்கு பந்தாவது வாங்கிவிடுங்கள். இரண்டு பந்து பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கும்.

முதலில் பிடி

இனி சொல்லப்போகும் எல்லாப் பயிற்சியும் ஒரே விஷயத்தில் வந்து நிற்கும்: ஸ்டிக்கைத் தளர்த்திப் பிடிப்பது. புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் ஸ்டிக்கைப் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிப்பார்கள். கை இறுகினால் மணிக்கட்டு மடங்காது. மணிக்கட்டு மடங்காவிட்டால் பந்து பாக்கெட்டில் நிற்காது, வருகிற பந்து தட்டித் தெறிக்கும், எறிகிற பந்து எங்கோ போகும். மூன்று தப்புக்கும் மருந்து ஒன்றுதான்.

பழக்கமான கை மேலே, மற்றக் கை ஸ்டிக்கின் அடிமுனையில். மேல்கை விரல்களில்தான் ஸ்டிக் தங்க வேண்டும். உள்ளங்கைக்கும் கம்புக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் இறுக்கிவிட்டாள் என்று அர்த்தம். நான் செய்யும் சோதனை இது: அவள் பிடித்திருக்கும்போது கம்பை லேசாகச் சுழற்றிப் பார்ப்பேன். மேல்கைக்குள் அது வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும்.

முதல் வாரத்தில் ஓடவே வேண்டாம். பந்தைப் பாக்கெட்டில் வைத்து ஒரு சாண் உயரம் தட்டி, அதே பாக்கெட்டில் சத்தமில்லாமல் வாங்கச் சொல்லுங்கள். பந்து விழும்போது 'டப்' என்று கேட்டால் கை இறுகியிருக்கிறது. கையைச் சற்றே தாழ்த்தி வாங்கினால் சத்தமே வராது. பத்துத் தடவை சத்தமில்லாமல் வாங்கியதும் உயரத்தை இரண்டு சாணாக்குங்கள். அப்புறம் ஸ்டிக்கைத் திருப்பி, வலையின் முதுகுப்பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். அது வேடிக்கைக்குத்தான் என்றாலும் கை நன்றாகப் பழகும். மகள் டிவி பார்த்துக்கொண்டே செய்வாள். விளக்கு எதுவும் உடையவில்லை, நம்புங்கள். பூச்சாடி ஒன்று மட்டும்.

கிரேடில்

கிரேடில் என்றால் தொட்டில். ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் வளைவாக ஆட்டி, பந்து விழாமல் கொண்டுபோவதற்கு வைத்த பெயர். நமக்கு இதை விளக்க மரத்தொட்டிலைவிடச் சேலைத் தூளிதான் சரியான உதாரணம். தூளியை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் குழந்தை துணியோடு ஒட்டிக்கொண்டே போய் வரும், ஏனென்றால் அது வளைவில் போகிறது. நேர்கோட்டில் இழுத்து வெடுக்கென்று நிறுத்தினால்தான் ஆபத்து. பந்தும் அப்படித்தான். வளைவு நிற்காமல் இருக்கும்வரை பந்து வலையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

செய்முறை: ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்து, வலை இருக்கும் தலைப்பகுதி காதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மேல்கை மணிக்கட்டை உள்பக்கம் சுருட்டினால் ஸ்டிக் காதிலிருந்து மூக்குக்கு நேரே வரும். விரித்தால் காதுக்குத் திரும்பும். கீழ்க்கை இடுப்பருகே சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதும். அது பாட்டுக்கு எட்டுப் போட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒன்று கவனம்: ஸ்டிக்கை முகத்தோடு ஒட்ட வைத்து, எதிராளி தட்டவே முடியாதபடி மறைத்தால் அது ஃபவுல். தோளுக்கு வெளியே கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

நின்றபடி ஒரு நிமிடம் வலது, ஒரு நிமிடம் இடது என்று தொடங்குங்கள். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்ணும்வரை ஆட்டச் சொல்லுங்கள். என் கணிப்பில் கிரேடிலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கண் மூடியதும் பந்தின் கனம் பாக்கெட்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விரலுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆட்டத்தில் பந்தைக் குனிந்து பார்க்க நேரம் இருக்காது.

பிறகு நடை, அதற்குப் பிறகு ஓட்டம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வளைந்து வளைந்து ஓடி வரட்டும். எதிரே நீங்கள் நின்று விரல்களைக் காட்டுங்கள். எத்தனை என்று அவள் ஓடிக்கொண்டே கத்த வேண்டும். தலை நிமிர்ந்தால்தான் விரல் தெரியும். நான் பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டேன். "ஏழு! ஒம்பது! நாலு!" என்று அவள் கத்திக்கொண்டு ஓடுவதை எங்கள் தெரு மக்கள் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் டீச்சர் பாராட்டினார்.

ஓட்டம் பழகியதும் கை மாற்றுவதைச் சேர்க்க வேண்டும். வலது பக்கம் கிரேடில் செய்தபடி வந்து, ஸ்டிக்கை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய், கீழ்க்கை மேலேயும் மேல்கை கீழேயும் மாறுவது. அந்த ஒரு நொடியில்தான் பந்து விழும். நாற்காலி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருமுறை கை மாற்றச் சொல்லுங்கள், முதலில் நடந்தபடி.

ஸ்கூப்

தரையில் உருளும் பந்தை ஸ்டிக்கால் அள்ளி எடுப்பது ஸ்கூப். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பந்து பாதி நேரம் தரையில்தான் கிடக்கும். கோல் போடத் தெரிந்தவளைவிடத் தரைப்பந்தை எடுக்கத் தெரிந்தவள்தான் அந்த வயதில் அணிக்குப் பெரிய உபகாரம்.

இதற்குத் தோசைக் கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் குத்தினால் தோசை கிழியும், கல்லோடு படிய வைத்துச் செலுத்தினால் அடியோடு வரும். ஸ்டிக்கும் அப்படியே. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கீழ்க்கை முட்டி தரையை உரசும் அளவுக்குக் கீழே போக வேண்டும். முன்பாதம் பந்துக்குப் பக்கத்தில் விழட்டும். ஸ்டிக்கின் விளிம்பு பந்துக்குச் சற்று முன்னாலேயே தரையில் இறங்கி, நிற்காமல் அடியில் புகுந்து மேலே வரட்டும். வந்ததும் உடனே ஒரு கிரேடில். முதுகை மட்டும் வளைத்துக் குனிகிற பிள்ளைக்கு ஸ்டிக் செங்குத்தாகி, பந்து முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஏதோ பந்துதான் அவளை மேய்க்கிறது போல் இருக்கும்.

பந்தின் மேல் ஸ்டிக்கைக் கவிழ்த்து மூடிக்கொள்வது, காலால் மறைத்து நிற்பது இரண்டுமே பெண்கள் ஆட்டத்தில் ஃபவுல். எனவே நின்று நிதானித்து எடுக்கும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம். ஓடுகிற ஓட்டத்தில் எடுத்துவிட்டு அப்படியே தாண்டிப் போக வேண்டும்.

பத்தடிக்கு ஒன்றாக நான்கு பந்துகளைப் புல்லில் வையுங்கள். ஓடிப்போய் ஒன்றை அள்ளி, மூன்றடி எடுத்து வைத்து, பந்தைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். இது நன்றாக வந்ததும் நீங்கள் எதிரிலிருந்து உருட்டி விடுங்கள். எதிரே வரும் பந்துக்கு ஸ்டிக்கை முன்னால் குத்தக் கூடாது; அது ஏறி வரும்போது கையைக் கொஞ்சம் பின்வாங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைசியாக, அவளுக்கு முன்னால் ஓடிப்போகும்படி உருட்டுங்கள். துரத்தி எடுப்பதுதான் மூன்றிலும் கடினம். அக்கா தங்கை இருவர் இருந்தால் நடுவில் ஒரு பந்தை உருட்டிவிட்டு "ம்" என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எறிவதும் பிடிப்பதும்

பிடிப்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள். எறிவது மோசமாக இருந்தாலும் ஆட்டம் ஓடும், பந்தைக் கண்டு முகத்தைத் திருப்புகிற பிள்ளைக்கு ஆட்டமே ஓடாது. பயம் தெளியும்வரை பயிற்சிக்கென்று விற்கும் மென்மையான பந்தை வாங்கிக்கொள்ளலாம். ஸ்டிக்கின் முகம் பந்து வரும் திசையைப் பார்த்து, காதுக்கு முன்னால் ஒரு ஜன்னல்போல் திறந்திருக்கட்டும். பந்து தொடும் நேரத்தில் ஸ்டிக்கை அதனோடு சேர்த்துப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கிரிக்கெட்டில் உயரமான கேட்சைக் கையைத் தாழ்த்தி வாங்குவோமே, அதே வித்தைதான். பத்தடி தள்ளி நின்று, கையாலேயே மெதுவாகப் போடுங்கள். உங்களுக்கும் ஸ்டிக் வாங்கி அவமானப்பட வேண்டியதில்லை.

எறிய, மேல்கையைக் கம்பின் நடுவரை இறக்கிக்கொள்ள வேண்டும். தோள் இலக்கைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்று, எதிர்க்கால் முன்னே வைத்து, மேல்கை தள்ள, கீழ்க்கை தன் பக்கம் இழுக்க வேண்டும். புதியவர்கள் தள்ளுவதை மட்டும் செய்வார்கள். வேகம் கீழ்க்கை இழுப்பில் இருக்கிறது. பந்து வானத்துக்குப் போனால் ஸ்டிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அதன் தலை இலக்கைச் சுட்டிக்காட்டி நிற்கும்வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். பந்து காலடியில் விழுந்தால் தேவைக்கு மேல் கீழே இழுத்துவிட்டாள். பக்கத்தில் போனால் முழங்கை தொங்கியிருக்கும்.

சுவரே துணை

இனி வருவது வால் பால். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, பேத்தி தினமும் "வால் பால் பண்ணப் போறேன்" என்று கிளம்புவதைக் கேட்டுவிட்டு, "அது என்னடா பால், எந்த மாட்டுப் பால்?" என்று கேட்டார். சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பது, அவ்வளவுதான். அணிப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்து கிடைப்பது சில டஜன் தடவை இருக்கும். சுவரில் பத்தே நிமிடத்தில் அதைத் தாண்டிவிடலாம். சுவருக்கு அலுக்காது, குறுஞ்செய்தி வந்தது என்று போகாது.

ஜன்னல் இல்லாத செங்கல் அல்லது கான்கிரீட் சுவராகத் தேடுங்கள். பள்ளி மைதானங்களின் பின்பக்கச் சுவர் விடுமுறை நாட்களில் காலியாக இருக்கும். கராஜ் கதவு வேண்டவே வேண்டாம். எங்கள் கதவில் பதினோரு குழி இருக்கிறது, எண்ணிவிட்டேன். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்துவிட்டு, பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முதலில் ஒருமுறை தரையில் குதித்து வரும் பந்தைப் பிடித்தாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டு வரிசை இப்படி இருக்கிறது. வலது கை மேலே வைத்து 25. இடது கை மேலே வைத்து 50. வலதில் எறிந்து, பந்து வருவதற்குள் கை மாற்றி இடதில் பிடித்து, மறுபடி அங்கிருந்து எறிந்து என்று 20. பிறகு குயிக் ஸ்டிக்: நடுவே கிரேடில் செய்யாமல், பிடித்த வேகத்திலேயே திருப்பி எறிவது, பக்கத்துக்கு 15. பந்து விழுந்தால் குனிந்து கையால் எடுக்கக் கூடாது, ஸ்கூப் செய்துதான் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன விதியாலேயே தரைப்பந்துப் பயிற்சி தனியாகச் செய்யாமலே கூடிக்கொண்டு போகும்.

இடதுக்கு ஏன் இரட்டிப்பு என்று அவள் கேட்பாள். வலது பக்கம் மட்டும் ஆடுகிறவளை எதிரணியினர் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். இடது கையால் எதையும் கொடுக்காதே வாங்காதே என்று பாட்டி சொல்வது சாப்பாட்டு மேசையோடு இருக்கட்டும். ஒரு மாதம் இடது கை பரிதாபமாகத்தான் இருக்கும். அந்த மாதத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தாமல் இருப்பதே நல்லது. நான் திருத்தினேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தினம் பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் போதும். ஞாயிறு இரண்டு மணி நேரம் மொத்தமாகச் செய்வது வீண். கை களைத்ததும் பிடி தானாக இறுகிவிடும், அப்புறம் அவள் பழகுவதெல்லாம் தப்பான பழக்கம்தான்.

தோழிகள் வந்தால்

இருவர் என்றால் பதினைந்தடியில் நின்று, ஒரு நிமிடத்தில் கீழே விடாமல் எத்தனை என்று எண்ணலாம். மூவர் என்றால் முக்கோணமாக நின்று, பிடித்ததும் கை மாற்றி அடுத்தவளுக்கு எறியலாம். இல்லாவிட்டால் ஒருத்தியை நடுவில் விட்டு மற்ற இருவரும் அவளைத் தாண்டி எறிந்து விளையாடலாம். நான்கு பேர் சேர்ந்தால் எதிரெதிரே இரண்டு வரிசை: ஓடி வந்து எறிந்துவிட்டு எதிர்வரிசைக்குப் பின்னால் போய் நிற்பது. நின்று பிடிக்கத் தெரிந்த பிள்ளை ஓடிக்கொண்டே பிடிக்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

கிரிக்கெட் பித்துப் பிடித்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரையும் இழுத்துவிடலாம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் லக்ராஸும் இருக்கின்றன. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் இரண்டையும் சேர்த்தது. பந்து உருட்டிவிட ஆள் கிடைத்துவிடும். அவருக்கும் ஒரு காகிள்ஸ் மாட்டிவிடுங்கள்.

நாட்பட்ட பந்து தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். இங்கே பிள்ளைகள் அதை கிரீசர் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு, எறிவது சரியில்லை என்று மகளைத் திட்டாதீர்கள், பந்தை மாற்றுங்கள். மழையில் நனைந்த ஸ்டிக்கின் தோல் வார்கள் நீண்டு, பாக்கெட் தொய்ந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவைத்து, அடியில் இருக்கும் முடிச்சுகளை இழுத்துக் கட்டுங்கள். நடுவர் ஸ்டிக்கை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். அதனால் காரில் ஏறுவதற்கு முன் பந்தை வைத்து, கண்ணுக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.